முட்டி உயரத்தில்

நாற்பத்தொரு மரம்.
எல்லாம் பெங்களூரா.
கிலோ நாலு ரூபாய்க்கும் நாதியில்லாமல்
கூழ் ஃபேக்டரி வாசலில்
ரெண்டு ராத்திரி டிராக்டரிலேயே கிடந்து
காய் அழுகிய வருஷம்,
இனம் மாற்றுவதென்று முடிவு செய்தேன்.
முடிவு என்றா சொன்னேன்?
மாற்றிப் பார்க்கலாம் என்றேன்.

முதலில்
கிணற்றோர மரத்தில் ஒரே ஒரு கிளை,
போனால் போகட்டும் என்கிற மாதிரி கிளை.
சந்தூர் நர்சரியில் இமாம்பசந்து குச்சி வாங்கி
ஈரத்துணியில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
ஒட்டுக் கட்டினேன்.
இருபதாம் நாள் ஊசிமுனைப் பச்சை.
நாற்பதாம் நாள்
கருத்துப்போய், பல்குத்தவும் ஆகாத ஈர்க்கு.

மறுவருஷம் ரெண்டு கிளை.
அதற்கடுத்து
மூன்று மரத்தில் ஒவ்வொன்று.
கத்தியை மாற்றிப் பார்த்தேன்,
கட்டும் தாளை மாற்றிப் பார்த்தேன்,
வளர்பிறை தேய்பிறை பார்த்தேன்.
கேட்டவர்களிடம்
'முயற்சி பண்ணிட்டுதான் இருக்கேன்' என்று சொல்ல
நன்றாகத்தான் இருந்தது.
அந்த வார்த்தைக்கடியில் நல்ல நிழல்.
கட்டில் போட்டுப் படுக்கலாம்.

மார்கழியில்
வேலியில் சாய்ந்த கருவேலத்தை அறுக்க வந்த திம்மராயன்,
மிஷின் ரம்பத்துக்குத் தவணை கட்டும் பையன்,
காய்ந்த ஒட்டை நகத்தால் கீறிவிட்டு,
'மரம் எதுக்குக்கா இதுக்குச் சோறு போடணும்?
அதுக்கு மேல இன்னும் பதினெட்டு கிளை இருக்கே' என்றான்.
டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு
வேலைக்குப் போய்விட்டான்.
எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஓசூர் நைட் ஷிப்டிலிருந்து
முனிராஜ் போனில் கத்தினான்:
'நாலு வருஷம் காய் இல்லாம எப்படி?
சொசைட்டிக் கடனை யாரு கட்டுவா?
பாதிய வெட்டு, பாதி இருக்கட்டும்.'
கணக்குப் போட்டால் அவன் சொன்னதுதான் சரி.
மூன்று தடவை போட்டேன்.
மூன்று தடவையும் அவனே சரி.
ஆனால் எங்கள் வீட்டில்
இருக்கட்டும் என்று விட்ட எந்தப் பாதியும்
மற்றப் பாதியைத் தின்னாமல் இருந்ததில்லை.

தை, ஒரு திங்கட்கிழமை.
சுண்ணாம்புக் கோட்டை நானே போட்டேன்,
முட்டி உயரத்தில்.
பூவெடுத்திருந்தது மரம்.
தேனீக்கள் அவை பாட்டுக்கு வேலையில் இருந்தன.
திம்மராயன் கயிறை இழுத்தான்.
ரம்பம் உறுமியது.
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
'வெட்டிப் பாக்கலாமா' என்று கேட்டிருந்தால்
சரி, இன்னொரு நாள் என்றிருப்பேன்.
'வெட்டிடவா?' என்றான்.
'வெட்டிடு.'

பால் தெறித்து மணிக்கட்டில் பட்டது.
மூன்று நாள் எரிச்சல். தழும்பு இருக்கிறது.
நாற்பத்தொன்றும் விழ ரெண்டரை நாள்.
விறகு லாரிக்காரன் பேரமே பேசவில்லை,
பரிதாபப்பட்டு ஐந்நூறு கூடக் கொடுத்தான்.
அதற்குத்தான் அழுதேன், மரத்துக்கு இல்லை.

அடுப்படி ஜன்னலில் இப்போது
வாக்கப்பட்டு வந்ததிலிருந்து கண்டிராத வெயில்.
பாத்திரத்துக் கறையெல்லாம் தெரிகிறது.
போச்சம்பள்ளி பஸ்ஸில் போகிறவர்கள்
எட்டிப் பார்க்கிறார்கள்,
அம்மை கண்ட வீட்டைப் பார்ப்பதுபோல.

இன்று பங்குனி எட்டு.
வெட்டுவாயில் பூசிய சாணி
காய்ந்து வெடித்திருக்கிறது.
கிணற்றோரக் கட்டையில் மட்டும்
பட்டையைத் தள்ளிக்கொண்டு ஒரு புடைப்பு.
அரிசி அளவு.
துளிரா, வெறும் செதிலா,
குனிந்து பார்த்தும் தெரியவில்லை.

குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றுகிறேன்.
சந்தூரில்
ஆடிக்கு நானூறு குச்சி என்று சொல்லி
முன்பணம் கட்டிவிட்டேன்.